கிளிப் போட்டால் தாடைச் சத்தம் நின்றுவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மேலே ஒரு தெற்றுப்பல். கீழே முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஐந்தாறு மாதமாக வாயைத் திறக்கும்போது வலது காதுக்கு முன்னால் 'டொக்' என்று சத்தம் வருகிறது. காலையில் எழுந்ததும் கன்னமும் நெற்றிப்பொட்டும் வலிக்கிறது என்கிறாள். இ.என்.டி. டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒன்றும் இல்லை என்றார். பல் டாக்டர் ஒருவர், பல் வரிசை கோணலாக இருப்பதால்தான் தாடை கெட்டிருக்கிறது, நான்கு பல்லை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டால் இரண்டும் சரியாகிவிடும் என்கிறார். என் நாத்தனாரோ, கிளிப் போட்டால்தான் தாடை கெடும் என்கிறாள். மாமியார், தெற்றுப்பல் அதிர்ஷ்டம், அதில் கை வைக்காதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது டாக்டர்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகளுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் அம்மா. ஒரே வாயில், ஒரே வயதில் வந்து சேர்ந்ததால் ஒன்றுக்கு இன்னொன்று காரணம்போலத் தெரிகிறது. கிளிப் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பல்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தாடை வலிக்கு வைத்தியம் என்று அதைப் போடாதீர்கள். தாடைக்குப் பயந்து அதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

முதலில் அந்த 'டொக்'. உங்கள் காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். தோலுக்கடியில் ஒரு குமிழ் முன்னால் நகர்ந்து திரும்புவது தெரியும். கீழ்த்தாடை எலும்பின் மேல்நுனி அது. கதவுக் கீல்போல அது வெறுமனே சுழல்வதில்லை, பாதி வாய் திறந்ததும் முன்னுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கும். குமிழுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவில் கெட்டியான நார்த்திசுவில் ஒரு சின்னத் தட்டு உண்டு. தலைக்கும் குடத்துக்கும் நடுவே சும்மாடு வைப்பார்களே, அதே வேலைதான் அதற்கும். இந்தச் சும்மாடு கொஞ்சம் முன்னால் நழுவிவிட்டால், வாயைத் திறக்கும்போது குமிழ் அதன் விளிம்பில் ஏறி, மறுபடி அதன்மேல் போய் உட்காரும். உட்காரும் சத்தம்தான் உங்களுக்குக் கேட்பது. வலி இல்லை, வாய் முழுதாகத் திறக்கிறது என்றால் வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. எத்தனையோ பேர் ஆயுள் முழுக்க அந்தச் சத்தத்தோடு முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காலையில் வரும் வலி வேறு கதை. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருப்பவை மெல்லும் தசைகள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பிள்ளைக்குக் காலையில் வலிப்பது அங்கேதான். பருவம் வந்த பிறகு இந்தத் தொல்லை பையன்களைவிடப் பெண் பிள்ளைகளிடம் கூடுதலாகப் பார்க்கிறோம். பரீட்சை மாதங்களில் இன்னும் கூடுதல்.

என்னிடம் வந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா, "இவள் பல்லே கடிக்க மாட்டாள் டாக்டர்" என்று அடித்துச் சொன்னார். அந்தப் பெண்ணின் பென்சில் பாக்ஸைத் திறக்கச் சொன்னேன். நான்கு பேனா மூடிகளும் கரும்புச் சக்கைபோலத் தட்டையாகிக் கிடந்தன. ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொன்னோம். அவள் எழுத எழுத, நெற்றிப்பொட்டில் தசை புடைத்துப் புடைத்து அடங்கியது. அம்மா அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. உங்கள் மகள் படிக்கும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு கால்மணி நேரம் பாருங்கள், சொல்லிவிட்டுப் பார்க்காதீர்கள். நகம் கடிப்பது, எந்நேரமும் சூயிங்கம், கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு படிப்பது, எல்லாம் கணக்கில் வரும்.

பல் கோணலுக்கும் தாடை வலிக்கும் முடிச்சுப் போட்டது இன்று நேற்றல்ல. 1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப் பற்கள் போய்க் கடி (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் நிலை) இறங்கிவிடுவதால்தான் காதுவலியும் தலைவலியும் வருகின்றன என்று எழுதினார். பல் மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பல்லைத் தேய்த்தார்கள், உயர்த்தினார்கள், நகர்த்தினார்கள். 1987-ல் மிச்சிகனில் வழக்கு தலைகீழாக வந்தது: கிளிப் போட்டதால்தான் தாடை மூட்டு கெட்டது என்று ஓர் இளம்பெண்ணுக்குப் பெரிய தொகை நஷ்டஈடு கொடுக்கத் தீர்ப்பானது. இது உண்மைதானா என்று அதற்குப் பிறகுதான் வரிசையாக ஆராய்ச்சி நடந்தது. கிளிப் போட்டவர்கள், போடாதவர்கள், பல் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்ததில் கிளிப் தாடை மூட்டைக் கெடுப்பதாகவும் தெரியவில்லை, குணமாக்குவதாகவும் தெரியவில்லை. உங்கள் நாத்தனாருக்கும் அந்தப் பல் டாக்டருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

சரி, வலிக்கு என்ன செய்வது? ஆறு வாரம் தாடைக்கு ஓய்வு கொடுங்கள். முறுக்கு, சீடை, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் போதும். கொய்யாவை முழுதாகக் கடிக்காமல் நறுக்கிக் கொடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்துக்குக் காலையும் இரவும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம். கொட்டாவி வரும்போது மோவாய்க்கடியில் கை முஷ்டியை வைத்துக்கொள்ளட்டும். இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. உதடு மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மெல்லும்போதும் எச்சில் விழுங்கும்போதும்தான் அவை சேர வேண்டும். மற்ற நேரம் நடுவில் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. பல பேருக்கு இது தெரியாது, வாயை மூடு என்றால் பல்லையும் கடித்துக்கொள்வார்கள். படிக்கும் மேசையில் 'பல்லை விடு' என்று ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் நான் எழுதித் தரும் மாத்திரையைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

இதில் குறையாவிட்டால் இரவில் மாட்டிக்கொள்ள அக்ரிலிக் தகடு ஒன்று செய்து தருவோம். அளவெடுத்து, எல்லாப் பற்களையும் மூடுகிற மாதிரி செய்ய வேண்டும். வளரும் பிள்ளை என்பதால் மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது, பல் நகர்ந்துவிடும். கடியைச் சரிசெய்கிறேன் என்று நல்ல பல்லைத் தேய்க்க யாராவது கிளம்பினால் எழுந்து வந்துவிடுங்கள். தேய்த்த பல் திரும்பி வளராது.

இனி பல் வரிசை. கீழ்ப்பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் பிரஷ் உள்ளே போகாது, காரை கட்டும், ஈறில் ரத்தம் வரும். கிளிப்புக்கு அது நியாயமான காரணம். 14 வயது அதற்கு நல்ல வயதும்கூட. ஞானப்பல் தவிர நிரந்தரப் பற்கள் பெரும்பாலும் முளைத்திருக்கும், எலும்பும் இன்னும் இளசு. நான்கு பல் எடுப்பதும் எப்போதும் தப்பில்லை. பதினாறு பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் பதினான்கு பேருக்குத்தான் இடம் என்றால் இரண்டு பேர் எழுந்துதான் ஆக வேண்டும். ஆனால் "இடம் பற்றாததால் எடுக்கிறீர்களா, தாடை வலிக்காக எடுக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். இரண்டாவது பதில் வந்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள். பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸில் ஆர்த்தோடான்டிக்ஸ் (பல் வரிசையைச் சீராக்கும் பிரிவு) படித்தவராக இருப்பது நல்லது. செலவு யோசனையாக இருந்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மாதாமாதம் வந்துபோவதுதான் சிரமம். எங்கே போட்டாலும் வலி அடங்கிய பிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நடுவில் வலி திரும்பினால் ரப்பர் பேண்டை நிறுத்தலாம், இழுவையைக் குறைக்கலாம்.

பல்லுக்கும் தாடைக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடி முன்னால் மகளை மெதுவாக வாயை மூடச் சொல்லிப் பாருங்கள். பற்கள் தொட்ட பிறகு கீழ்த்தாடை ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்கிறதா? மேல்பல் ஒன்று உள்பக்கம் மடங்கியிருந்தால் அப்படி ஆகும். வளரும் வயதில் அதை விட்டால் முகமே ஒரு பக்கமாக வளரலாம். அதைச் சரிசெய்யத் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு சோதனை. அவளுடைய ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போனால் வாய் நன்றாகத் திறக்கிறது. சுமார் 40 மில்லிமீட்டர் அது. திடீரென்று சத்தம் நின்றுபோய், இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால் சும்மாடு முன்னாலேயே சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். ஓரிரு நாளில் காட்டுங்கள், வாரக்கணக்கில் விடாதீர்கள். அப்புறம், மோவாயின் அடியில் பழைய தையல் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மோவாயில் அடிபட்டால் தாடைக் குமிழ் உடைந்திருக்கலாம். அப்போது யாரும் தையலைத் தாண்டி யோசித்திருக்க மாட்டார்கள். மோவாய் உள்வாங்கிக்கொண்டே போவது, முகம் ஒரு பக்கம் சாய்வது, காலையில் முழங்காலோ விரல் மூட்டோ விறைத்திருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும். அது தாடை மூட்டை வலியே இல்லாமல் அரிக்கக்கூடியது.

தெற்றுப்பல் அதிர்ஷ்டமா என்பதில் உங்கள் மாமியாரோடு நான் சண்டைக்கு வரவில்லை. என் பாட்டியும் அதைத்தான் சொன்னார். ஆனால் உங்கள் கடிதத்தில் நாத்தனார் பேசுகிறார், மாமியார் பேசுகிறார், இரண்டு டாக்டர்கள் பேசுகிறார்கள். அந்தப் பல் தனக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்று மகள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லையே. ஒன்றரை, இரண்டு வருஷம் கம்பியோடு சாப்பிடப்போவதும், அதைக் கழற்றிய பிறகு ராத்திரி ராத்திரி, பல் திரும்ப நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் மாட்டிக்கொள்ளப்போவதும் அவள்தான். விருப்பமில்லாத பிள்ளை அதை டிஷ்யூ பேப்பரில் சுற்றி எங்காவது வைத்துவிடும். பல்லும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அவளைக் கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.