அம்மா டீச்சராக வேண்டுமா?

வணக்கம் சார்,

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். திருப்பூரில் நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். மகள் நான்காம் வகுப்பு. அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் எனக்கே பயமாக இருக்கிறது. கடைசியில் அடியும் அழுகையும்தான். அப்பா அம்மா படித்திருந்தால்தான் பிள்ளைக்குப் படிப்பு வருமா? டியூஷனில் சேர்த்துவிடவா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்குச் சொல்லிக்கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்து 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த வருடம் கணக்குக் குறைவாகக் கற்றார்கள். பயமும் கூடவே தொற்றிக்கொண்டது. அதே பயம் உள்ள பெற்றோர் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் இப்படி ஆகவில்லை.

குடும்பப் பின்னணி படிப்பில் பெரிய பங்கு வகிக்கிறது என்று 1966இல் அமெரிக்க அரசுக்காகப் பள்ளிகளை ஆராய்ந்து எழுதிய கோல்மன் அறிக்கையே சொன்னது. மறுக்க முடியாது. ஆனால் 2010இல் வெளியான, 27 நாடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வைப் பாருங்கள். நிறையப் புத்தகங்கள் உள்ள வீட்டில் வளர்ந்தவர்கள், புத்தகமே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களைவிடச் சராசரியாக மூன்று வருடம் அதிகம் படித்திருந்தார்கள். பெற்றோரின் படிப்பையும் வேலையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் இருந்தது. அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் பலன் கூடுதல். இதைக் கேட்டு அலமாரி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பெரியவர்கள் எதையாவது எடுத்துப் படிக்கிற வீடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிளை நூலகத்துப் புத்தகம் போதும்.

எட்டரைக்கு மேல் அரைமணி நேரம் டிவியும் இரண்டு போன்களும் அணைந்திருக்கட்டும். முக்கியமாக உங்கள் கணவருடைய போன். ரீல்ஸ் பார்த்துக்கொண்டே "படி, படி" என்று சொல்கிற அப்பாக்களை நிறையப் பார்த்தாயிற்று. அன்றைய பாடத்தை மகள் உங்களுக்குச் சொல்லட்டும். புரியாவிட்டால் "புரியலையே, இன்னொரு தடவை சொல்லு" என்று கேளுங்கள். எங்கே தடுமாறுகிறோம் என்று அவளுக்கே தெரிந்துவிடும். வராத கணக்கைப் பென்சிலால் வட்டம்போட்டு மறுநாள் டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள். இதற்கு ஒன்பதாம் வகுப்பு தாராளம். பட்டம் வாங்கிய பெற்றோருக்குத்தான் இது கஷ்டம். குறுக்கே பேசாமல் கேட்க அவர்களுக்கு வராது.

அப்புறம் டியூஷன். அரசு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் உங்கள் பக்கத்தில் நடக்கிறதா என்று முதலில் பள்ளியில் விசாரியுங்கள். தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுப்பார்கள், கட்டணம் கிடையாது. இல்லையென்றால் டியூஷனில் சேர்க்கலாம். அங்கே அடிப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.