கிலோ ஓமுக்கும் மில்லிவோல்ட்டுக்கும் என்ன உறவு?

கேள்வி: கிடாரின் பாலத்தருகே இருக்கும் ஹம்பக்கரை (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும், இரு சுருள் கொண்ட பிக்கப்பை) மாற்றப்போகிறேன். ஒரு நிறுவனம் தன் பிக்கப்பை 16.4 கிலோ ஓம் என்கிறது. டிமார்ஸியோ நிறுவனம் தன் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப்புக்கு 425 மில்லிவோல்ட் என்று போட்டிருக்கிறது. எதில் சத்தம் அதிகம்? ஒன்றை மற்றொன்றாக மாற்ற வாய்ப்பாடு உண்டா?

பதில்: கிடையாது. கிலோ ஓமை வைத்துச் சத்தத்தைக் கணிப்பது, நூல்கண்டை நிறுத்துப் பார்த்துப் பட்டம் எவ்வளவு உயரம் பறக்கும் என்று சொல்வதைப் போன்றது. அது சுருளில் உள்ள செம்புக் கம்பியின் தடை மட்டுமே. கம்பி மெலிந்தால் சுற்று கூடாமலேயே தடை ஏறும்; எண் கூடக்கூடக் கம்பி மெலியும், 43ஆம் எண் கம்பிக்கு அதே நீளமுள்ள 42ஐ விடக் கால் பங்கு தடை அதிகம். பழைய பாணி டெலிகாஸ்டர் கிடாரைப் பாருங்கள்: கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் 43, பாலத்தருகே 42. கழுத்துப் பிக்கப் மீட்டரில் சளைக்காது. வாசித்தால் சாதுவாக இருக்கும். காந்தத்தின் வலுவோ மீட்டருக்குத் தெரியவே தெரியாது. ஒரு ஹம்பக்கரின் இரு சுருள்களைத் தொடரிலிருந்து பக்க இணைப்புக்கு (பேரலல்) மாற்றினால் 8 கிலோ ஓம் 2 ஆகிவிடும். சத்தம் கால் பங்காகக் குறைவதில்லை, ஏறக்குறையப் பாதிதான்.

மில்லிவோல்ட் நேர்மையான அளவுதான். ஆனால் தந்தியை எவ்வளவு ஓங்கி மீட்டினார்கள், பிக்கப் எவ்வளவு தள்ளி இருந்தது, உச்சத்துக்கு உச்சம் அளந்தார்களா, ஆர்எம்எஸ் (அலையின் ஒருவகைச் சராசரி) அளவா? சீரான அலையில் இந்தக் கடைசி வேறுபாடு மட்டுமே 2.8 மடங்கு. ஆகவே ஒரே நிறுவனத்தின் பட்டியலுக்குள் ஒப்பிடுங்கள், வேலி தாண்டாதீர்கள். ஹென்றி என்ற அலகில் சுருளின் தூண்டல் அளவு (இண்டக்டன்ஸ்) போட்டிருந்தால் அதைத்தான் நான் முதலில் படிப்பேன். தொனி எவ்வளவு கனக்கும் என்பதற்கு அது நல்ல தடயம்.

என் பட்டறையில் நான் செய்வது இது: இரண்டு பிக்கப்பையும் ஒரே கிடாரில், ஒரே உயரத்தில் மாற்றி மாற்றிப் பொருத்துவேன். முடி போன்ற செம்புக் கம்பியைத் தந்தியில் கொக்கிபோல் மாட்டி, அறும்வரை மெல்ல இழுப்பேன். கம்பி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே விசையில்தான் அறும். என் கை அவ்வளவு நாணயமானதல்ல. பதிவான இரு அலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

கேள்வி: அட்டையில் 8 கிலோ ஓம், என் மீட்டரில் 8.3. போலியா?

பதில்: அறை எவ்வளவு சூடு? 10 டிகிரி ஏறினால் செம்பின் தடை சுமார் 4 சதவீதம் கூடும், உங்கள் 0.3 அதற்குள் அடங்கிவிடுகிறது. பற்றவைத்த சூடு ஆறும் முன்பே அளந்துவிட்டு, நானே ஒருமுறை விற்றவருக்குக் கோபமாகக் கடிதம் எழுதத் தொடங்கினேன். மறுநாள் காலை அளவு சரியாக இருந்தது. கடிதம் குப்பைக்குப் போனது.