சண்டை வேறு, இது வேறு: பள்ளிப் பிள்ளைகள் பற்றிக் கேள்வி பதில்

பிள்ளைகள் என்றால் அடித்துக்கொள்ளத்தானே செய்வார்கள்? இதை ஏன் பெரிதாக்க வேண்டும்?

அடித்துக்கொண்டால் வேண்டாம். பந்துக்காக இருவர் கட்டிப் புரண்டு, மறுநாள் சேர்ந்து விளையாடினால் அது சண்டை. ஒருவனையே குறிவைத்து, வேண்டுமென்றே, திரும்பத் திரும்பச் சீண்டினால், அவனும் எதிர்க்க முடியாமல் நின்றால், அது கொடுமை. 1970களில் இந்த ஆய்வைத் தொடங்கிவைத்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் வைத்த அளவுகோலும் இதுதான். பலம் என்றால் உடம்பு மட்டுமில்லை. நான்கு பேர் கூட்டுச் சேர்ந்தாலே பலம்தான்.

என் மகன் வாயே திறப்பதில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

"யாராவது அடித்தார்களா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இன்று சாப்பிடும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தினமும் கழிப்பறைக்கு ஓடுகிறானா? பள்ளியில் பெரியவர்கள் கண் படாத இடம் அதுதான். அங்கே போகப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"திருப்பி அடி" என்று மகளிடம் சொல்லிவிட்டேன். தப்பா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் திருப்பி அடிக்கக்கூடியவளாக இருந்தால் அவளைச் சீண்டியிருக்கவே மாட்டார்கள். அடித்து மாட்டிக்கொண்டால் தண்டனையும் அவளுக்கே.

அடிப்பவனே என் பையன்தான். என்ன செய்ய?

இதைக் கேட்கத் தைரியம் வேண்டும். அடித்துத் திருத்தாதீர்கள், பலமுள்ளவன் அடிக்கலாம் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். நடந்ததை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். "சும்மா விளையாட்டுக்கு" என்பான். "அவனும் சிரித்தானா?" என்று மட்டும் கேளுங்கள்.

நான் ஆசிரியை. இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசலாமா?

சண்டைக்குச் சரி, இதற்கு வேண்டாம். அடித்தவன் எதிரில் இருக்கும்போது மற்றவன் உண்மை பேசமாட்டான். தனித்தனியாகப் பேசுங்கள். அப்புறம், சுற்றி நின்றவர்களையும் கூப்பிடுங்கள். கனடாவில் விளையாட்டுத் திடல்களில் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள்: உடனிருந்த பிள்ளை குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை 10 வினாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. பள்ளிகளில் இந்தக் கொடுமையைத் தடுக்கப் பின்லாந்தில் உருவான 'கிவா' திட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களைத்தான் நம்புகிறது. அவர்கள் பாய்ந்து காப்பாற்ற வேண்டியதில்லை, சிரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நான் மாணவி. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

நாளைக்குச் சாப்பிடும்போது அவள் பக்கத்தில் போய் உட்காரும்மா. மன்னிப்புக் கேட்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.