காலுக்கேற்ற ஷூ, உயரத்துக்கேற்ற சைக்கிள்

ஓட்டத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் வாங்குவது தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இரண்டு வருடமாக வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறேன். கொஞ்ச நாளாகக் கீழ்க்காலின் முன்பக்க எலும்பை ஒட்டி வலி. எலும்பில் விரிசல் இல்லை, ஓட்டத்தைக் குறைத்து இரண்டு நாள் சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். கடையில் முன்பக்கம் சஸ்பென்ஷனும் 21 கியரும் தடித்த டயரும் உள்ள சைக்கிளைக் காட்டி, உடற்பயிற்சிக்கு இதுதான் சரி என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தார்ச்சாலையில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உங்கள் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பதாகக் கொண்டால் அரை மணி ஓட்டத்தில் சுமார் 5000 அடி. சைக்கிளில் இந்த இடி கிடையாது. எடையைச் சீட் தாங்கிக்கொள்ள, இதயமும் நுரையீரலும் வழக்கம்போல உழைக்கும். உங்கள் எலும்புக்கு வேண்டிய ஓய்வு அதில் கிடைக்கும்.

இடியே இல்லாத ஒன்றுக்கு இடிதாங்கி எதற்கு? விலை குறைந்த சைக்கிள்களில் வரும் சஸ்பென்ஷன் பெரும்பாலும் கனமான ஸ்பிரிங்தான். எழுந்து நின்று அழுத்தி மிதித்தால் முன்பக்கம் மேலும் கீழும் ஆடும், உங்கள் உழைப்பில் ஒரு பங்கு அந்த ஆட்டத்தில் போய்விடும். சாலையின் சின்னச் சின்ன அதிர்வுக்கு டயரில் இருக்கும் காற்றே போதும். 32 முதல் 38 மி.மீ. அகல டயர், நேரான ஹேண்டில்பார், சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை): ஹைபிரிட் என்று கேட்டால் இந்த வகையைக் காட்டுவார்கள். டயரின் பக்கவாட்டில் காற்றழுத்த வரம்பு அச்சிட்டிருக்கும், அதற்குள் காற்று அடித்துக்கொள்ளுங்கள். 21 என்ற எண்ணைப் பார்த்தும் மயங்க வேண்டாம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அதில் பல சேர்க்கைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் மிதிபடும். முன்னால் ஒன்று, பின்னால் எட்டோ ஒன்பதோ இருந்தாலே ஏற்றம், சமதளம் இரண்டுக்கும் தாராளம்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "என் உயரத்துக்கு ஃபிரேம் அளவு என்ன?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். அளவைக் கடையிலேயே பார்த்துவிடலாம். சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலை அடிவரை கொண்டுபோய், குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் முழுதாக நீண்டிருக்க வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான சீட் உயரம். பின்னோக்கி மிதித்துப் பார்க்கும்போது இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினால் சீட் அதிக உயரத்தில் இருக்கிறது.

நான் முதலில் வாங்கியபோது, இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சொல்லிச் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் முழங்கால் சில்லைச் சுற்றி வலி. ஓட்டத்தால் வந்தது என்று நினைத்து ஓட்டத்தை நிறுத்தினேன், வலி நிற்கவில்லை. விஷயம் தெரிந்த ஒரு மெக்கானிக் சீட்டை நான்கு விரற்கடை உயர்த்திவிட்டார். மெல்ல மெல்ல வலி போய்விட்டது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சின்ன ஃபிரேமைக் கொடுத்து, சீட்டை ஏற்றிக்கொள்ளலாம் என்பார்கள். சீட் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு ஃபிரேமுக்கு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றினால் தண்டு உடையலாம். அந்த அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தால் அது உங்கள் சைக்கிள் இல்லை.

கேள்வி: ஓடும் ஷூவிலேயே சைக்கிளும் ஓட்டலாமா? ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடலும் அதற்கான ஷூவும் செட்டாக வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு அந்த செட் தேவையில்லை. தட்டைப் பெடலும் ஓடும் ஷூவும் போதும். ஒன்றை மட்டும் பாருங்கள். சில பெடல்களில் வழுக்காமல் இருக்க உலோக முள் வைத்திருப்பார்கள். அது ஓட்ட ஷூவின் மெத்தென்ற அடிப்பாகத்தைக் குதறிவிடும். பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பிடிமானம் உள்ள பெடலாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஓடித் தேய்ந்த பழைய ஜோடியைச் சைக்கிளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஓட்ட ஷூவுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 500 முதல் 800 கி.மீ. அடி ரப்பர் தேயாமல் இருந்தாலும் நடுவில் உள்ள ஃபோம் அதற்குள் அமுங்கிச் செத்துவிடும். ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, ஃபோமின் ஓரத்தில் ஆழமான சுருக்கக் கோடுகள் விழுந்திருந்தாலோ ஓட்டத்துக்கு அது முடிந்தது, மிதிக்க மட்டும் உதவும். சைக்கிளில் போன தூரத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புதிய ஷூ வாங்கச் சாயங்காலம் போவது நல்லது, அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். எழுந்து நின்றால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சைக்கிள் பாதி பிரித்த நிலையில் பெட்டியில் வந்தது. இடது பெடலை ஸ்பேனர் போட்டு இறுக்கியபோது மரை போய்விட்டது. நீங்களே மாட்டியதால் வாரண்டி கிடையாது என்கிறார்கள். நியாயமா?

பதில்: முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பெடல் தண்டின் நுனியில் எல், ஆர் என்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். பெடலை மாற்றி மாட்டினாலோ வழக்கமான திசையில் பலம் போட்டாலோ, இரும்புத் தண்டு தப்பித்துக்கொள்ளும், பெடலைத் தாங்கும் கையான அலுமினிய கிராங்கின் மரை சிதைந்துவிடும்.

நியாயமா என்பது அவர்கள் உங்களுக்கு என்ன சொல்லி விற்றார்கள் என்பதைப் பொறுத்தது. விளம்பரப் பக்கத்தையும் பெட்டிக்குள் இருந்த தாளையும் நிதானமாகப் படியுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக்தான் மாட்ட வேண்டும் என்றோ, இடது பெடல் எதிர்த்திசை என்றோ தெளிவாகப் போட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். எதுவுமே இல்லை என்றால் கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது: வாங்குபவரே பூட்ட வேண்டிய பொருளை விற்கிறவர், எப்படிப் பூட்டுவது என்று சொல்லக் கடமைப்பட்டவர். பெடலில் எழுத்தே தவறாகப் பொறித்திருந்தால் குற்றம் முழுக்க அவர்களுடையது. பெடல் நுனி, கிராங்க், பெட்டி, தாள் எல்லாவற்றையும் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. முழு சைக்கிளையும் மாற்றச் சொல்லாமல் இடது கிராங்க் மட்டும் கேட்டால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கெட்டுப்போனதும் அது ஒன்றுதான். மறுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கிராங்கைத் தனியாக வாங்கலாம், நல்ல மெக்கானிக் மரைக்குள் புதுக் குழாய் போட்டும் சரிசெய்வார். அதுவரை ஓட்டாதீர்கள், ஏற்றத்தில் பெடல் கழன்றால் நேராகக் கீழே விழ வேண்டியதுதான்.

பெட்டியில் சைக்கிள் வரவழைக்கும் மற்றவர்களுக்கு: பெடலை முதல் மூன்று சுற்று கையாலேயே திருப்புங்கள். கையால் போகாதது ஸ்பேனரால் போகக் கூடாது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், முன் பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இருந்தால் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்.

கேள்வி: பத்து வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன், மூச்சு வாங்குவதே இல்லை. இப்போது ஓடவும் ஆசை. கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கினால் முழங்காலுக்குப் பாதுகாப்பு என்கிறார் விற்பனையாளர்.

பதில்: அந்த ஷூ பந்தயத்தில் வேகம் எடுப்பதற்காகச் செய்தது. புதிதாக ஓடுகிறவரின் முழங்காலைக் காக்க அல்ல. சாதாரண பயிற்சி ஷூ, போட்டதுமே வசதியாக இருப்பது, அது போதும்.

உங்களைப் போன்றவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இதயமும் நுரையீரலும் தயார், ஆனால் எலும்பும் தசைநாரும் இந்த இடியைப் பத்து வருடமாகப் பார்த்ததில்லை. மூச்சு வாங்காததால் முதல் நாளே 5 கி.மீ. ஓடிவிடுவீர்கள், அடுத்த வாரம் குதிகால் தசைநாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் 20 நிமிடம், ஒன்றுவிட்டு ஒருநாள் என்று தொடங்குங்கள். மற்ற நாளில் சைக்கிள்.

உங்கள் ஆசை சரியான ஆசைதான். சைக்கிள் மட்டுமே ஓட்டும் பந்தய வீரர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எலும்புக்கு அளவான இடி வேண்டும், அதை ஓட்டம் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு என்று சொல்கிறது. இரண்டையும் கலந்தும் கணக்கிடலாம். தசைக்கான பயிற்சி இரண்டு நாள் தனி.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடிப் பார்த்தால் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், சில நிமிடத்தில் பழகிவிடும்.

கேள்வி: சைக்கிள், ஷூ வாங்கியாயிற்று. மீதிப் பணத்தில் ஸ்மார்ட் வாட்ச்சா, ஹெல்மெட்டா?

பதில்: ஹெல்மெட். வாட்ச் பிறகு. ஹேண்டிலைப் பிடித்திருக்கும்போது மணிக்கட்டு மடங்கி அதிர்வதால் அது காட்டும் நாடித்துடிப்பு பல நேரம் தவறும். நெஞ்சுப் பட்டை நம்பகமானது.

ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள், தெரிந்தவர் கொடுத்தாலும் சரி. உள்ளே இருக்கும் ஃபோம் ஒரே ஒரு அடியைத்தான் தாங்கும், அடிபட்டது வெளியே தெரியாது. புதியதைப் போட்டு, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் இருக்கிறதா பாருங்கள். பின்னால் உள்ள திருகை இறுக்கி, வாரைக் கட்டாமலே தலையை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். நழுவினால் வேறு அளவு கேளுங்கள்.