ட்ராக்கில் இடித்துவிட்டுப் போனவர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை, வயது 29. ஐந்து மாதத்துக்கு முன் பணம் கட்டி ஒரு ட்ராக் டேவுக்கு, அதாவது பந்தயத் தடத்தில் சொந்த பைக்கை ஓட்டிப் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் போனேன். புதியவர்கள் பிரிவு. வளைவில் யாரும் யாரையும் முந்தக் கூடாது, நேர்ப்பாதையில் மட்டும்தான் என்று காலையிலேயே விளக்கிச் சொன்னார்கள். மூன்றாவது செஷனில் ஒருவர் வளைவின் உள்பக்கமாக நுழைந்து என் ஹேண்டில்பாரில் இடித்தார். என் கேமராவில் அது பதிவாகியிருக்கிறது. விழுந்ததில் காறை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. அவர் வேகப் பிரிவுக்காரராம். லேட்டாக வந்ததால் எங்களோடு விட்டிருக்கிறார்கள். வண்டி இன்சூரன்ஸ், மெடிக்ளெய்ம் இரண்டிலும் பணம் தர மறுத்துவிட்டார்கள். நடத்தியவர்கள் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டுகிறார்கள். இடித்தவரோ ‘ட்ராக்ல இதெல்லாம் சகஜம்’ என்கிறார். பின்னால் சத்தம் கேட்டு, வழிவிட லேசாக ஒதுங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: கடைசியாக எழுதியதை மறைக்காமல் சொன்னீர்களே, அதுவே பாதி வேலை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். ரோட்டில் பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் ஒதுங்கிப் பழகியவர்கள் நாம். ட்ராக்கில் முறை தலைகீழ். முன்னால் போகிறவர் தன் லைனை, அதாவது தான் போய்க்கொண்டிருக்கும் பாதையை, விடாமல் போக வேண்டும்; பத்திரமாக முந்துவது பின்னால் வருபவர் பொறுப்பு. ஒதுங்கியதற்காக உங்கள் வழக்கு விழுந்துவிடாது. உங்கள் பங்கும் உண்டு என்று நஷ்டஈட்டில் ஒரு பகுதியைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் மெடிக்ளெய்மைப் பார்ப்போம், சீக்கிரம் பணம் வரக்கூடிய இடம் அது. ‘மோட்டார் பந்தயம்’ என்று காரணம் காட்டியிருப்பார்கள். பாலிசியை எடுத்து 09 எண்ணுள்ள விலக்கைப் படியுங்கள். மருத்துவ பாலிசிகளுக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துள்ள பொது வாசகம் அது. ஆபத்தான, சாகச விளையாட்டுகளில் ‘தொழில்முறையாளராக’ ஈடுபட்டு அடிபட்டால்தான் விலக்கு. நீங்கள் கட்டணம் கட்டி ஓட்டப் போனவர். அதை வைத்துப் பிழைப்பவர் இல்லை. இதை எழுதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகம் இருக்கிறது. நிறுவனம் கடைசியாக மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்; வக்கீல்கூட வேண்டாம்.

அதற்கு முன் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். கூட வந்த நண்பர் பதற்றத்தில் ‘ரோட்ல விழுந்துட்டான்’ என்று சொல்லி, ‘சாலை விபத்து’ என்று பதிவாகியிருக்கலாம். இந்த மாதிரி வழக்குகளில் பொய்தான் கெடுக்கும், விபத்து இல்லை. அப்படிப் பதிவாகியிருந்தால் நீங்களே எழுதிக் கொடுத்துத் திருத்தக் கேளுங்கள்.

வண்டி இன்சூரன்ஸை மறந்துவிடுங்கள். பந்தயம், வேகச் சோதனை இரண்டும் பாலிசியிலேயே விலக்கு. ட்ராக் டேவில் பரிசு கிடையாது, அது பந்தயமே இல்லை என்று வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதம் நிற்பது கடினம்; அதற்காக உங்களிடம் ஃபீஸ் வாங்க எனக்கு மனம் வராது. இடித்தவரின் இன்சூரன்ஸிலிருந்து வாங்குவதும் கடினம். மோட்டார் வாகனச் சட்டம் 150வது பிரிவு அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அதே தற்காப்பைத் தருகிறது.

இனி, அந்தப் படிவம். நீங்கள் கையெழுத்துப் போட்டது எதற்கு? வேகமாக ஓட்டினால் வழுக்கி விழலாம், முன்னால் போகிறவர் விழுந்து அவர் மேல் மோதலாம் என்ற ஆபத்துக்கு. விதியை மீறி ஒருவர் வளைவில் உள்ளே புகுந்து இடிப்பார் என்பதற்கு இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25வது பிரிவில் அழகான உதாரணம் ஒன்று இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 87வது பிரிவாக இருந்ததுதான். இருவர் பொழுதுபோக்குக்காக வாள்சண்டை போடுகிறார்கள். முறைதவறாமல் ஆடும்போது காயம் பட்டால் குற்றமில்லை. ‘முறைதவறாமல்’ என்பதில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. இங்கிலாந்தில் 1985இல் காண்டன் எதிர் பாசி வழக்கும் இப்படித்தான். உள்ளூர் கால்பந்து ஆட்டத்தில் முரட்டுத்தனமாகக் குறுக்கே பாய்ந்து எதிராளியின் காலை முறித்தவர் நஷ்டஈடு தர வேண்டும் என்று அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டலாம்.

ஆகவே காலையில் சொன்ன அந்த விதிதான் உங்கள் சம்மதத்தின் எல்லைக் கோடு. விதிகள் வந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி, கூட்டத்தில் உடனிருந்த இரண்டு பேர் என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

இடித்தவரைவிட நடத்தியவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். பிரிவு பிரிப்பதே வேக வித்தியாசம் ஆபத்து என்பதால். வேகப் பிரிவுக்காரரைப் புதியவர்களோடு அனுப்பியது அவர்கள் முடிவு. உங்கள் வீடியோவில் முந்தைய சுற்றுகளையும் பாருங்கள். அவர் ஏற்கெனவே அப்படி முந்தியும் ட்ராக்கைக் கண்காணிக்கும் மார்ஷல் கறுப்புக் கொடி காட்டி அவரை உள்ளே அழைக்கவில்லை என்றால், கவனக்குறைவு இன்னும் உறுதியாகும். இது சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், கெடு இரண்டு வருடம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் புகார்க் கட்டணமும் இல்லை; கேட்கும் நஷ்டஈடு எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. தங்கள் கவனக்குறைவுக்கே தாங்கள் பொறுப்பில்லை என்று அச்சடித்து வாங்கிய கையெழுத்து, ஒப்பந்தச் சட்டம் 23வது பிரிவின்படி பொதுக்கொள்கைக்கு விரோதம் என்று வாதாட இடமிருக்கிறது.

இடித்தவர் மேல் சிவில் வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது, ஆனால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பலர் அதிலேயே பேச வந்துவிடுவார்கள். போலீஸா? பொதுவழியில் தாறுமாறாக ஓட்டுவதற்கான, நியாய சன்ஹிதாவின் 281வது பிரிவு ட்ராக்குக்குப் பொருந்தாது. அதே சட்டத்தில் கொடுங்காயத்துக்கான 125(பி) பொருந்தலாம். ஆனால் செலவான பணம் அதனால் திரும்பி வராது.

அப்புறம், அந்த வீடியோ இருக்கும் மெமரி கார்டை இனி கேமராவில் போடாதீர்கள். வெட்டி ஒட்டாத முழு வீடியோ வேண்டும். நகலைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63வது பிரிவுப்படி சான்றிதழும் தர வேண்டும். கார்டை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, ஒட்டி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.