நாட்டுக் கம்பும் ஒட்டுக் கம்பும்

வணக்கம். பயிர் ரக மேம்பாடு குறித்துத் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரியாகக் கம்பும் இருங்குச் சோளமும் விதைக்கிற குடும்பம் எங்களுடையது. ஆடு, மாடு இரண்டும் உண்டு. தாத்தா காலத்து நாட்டுக் கம்பு ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். கம்பந்தட்டையை வைத்தே கோடையைத் தள்ளிவிடுவோம் என்று அப்பா சொல்வார். இன்று கடையில் வாங்கும் ஒட்டுக் கம்பு குட்டையாக நின்றுவிடுகிறது. விதையையும் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. நாட்டு ரகங்கள் காணாமல் போனதற்கு ஆராய்ச்சியாளர்கள்தாமே காரணம்? வறட்சியைத் தாங்கிய விதை நம் கையிலேயே இருந்தபோது ஆராய்ச்சி எதற்கு?

க., விளாத்திகுளம்

அன்புள்ள க. அவர்களுக்கு,

தங்கள் குறையில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. நெடுங்காலமாகப் பயிர் ஆராய்ச்சி ஏக்கருக்கு எத்தனை மூட்டை தானியம் என்பதையே முதல் கணக்காக வைத்திருந்தது. ஆனால் மானாவாரிக் குடும்பத்துக்குத் தட்டையும் விளைச்சல்தான். மழை பொய்த்துக் கதிர் பிடிக்காமல் போன ஆண்டில் அது ஒன்றே விளைச்சல். மேற்கு ராஜஸ்தானில் இந்தக் காரணத்தாலேயே பல விவசாயிகள் ஒட்டு ரகங்களை முழுமையாக ஏற்கவில்லை. சிலர் புது ரக விதையைத் தங்கள் பழைய விதையோடு கலந்து விதைத்து, இரண்டின் குணமும் கலந்த பயிரைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள்.

ஆயினும் தாங்கள் வந்தடைந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ரகம் நாட்டு ரகமா, ஆராய்ச்சி நிலையத்து ரகமா என்பதைவிட, அது எந்த மண்ணில், எந்த நோய்க்கு நடுவே, எந்தத் தேவைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே அதன் தகுதியைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கம்பின் வரலாறே இதற்குச் சான்று.

1965-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1 லூதியானாவில் வெளியிடப்பட்டது. அதன் தாய் வரிசையான (விதையைத் தரும் பெற்றோரான) டிஃப்ட் 23ஏ அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் உருவாக்கியது. மகரந்தம் உருவாகாத அந்த ஆண்மலட்டு வரிசை கிடைத்த பிறகுதான் ஒட்டு விதையைப் பெருமளவில் உற்பத்தி செய்வது சாத்தியமாயிற்று. விளைச்சல் வியக்கும்படி உயர்ந்தது. எச்.பி.2, எச்.பி.3 என்று அடுத்தடுத்து வந்த ரகங்களுக்கும் அதே தாய்தான். அமெரிக்காவிலோ கம்பைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் கிடையாது. ஆகவே அந்தத் தாய் வரிசை அந்த நோயைச் சந்தித்ததே இல்லை. இங்கே அது நோயின் நடுவில் வந்து நின்றது, அதுவும் இலட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே தாயின் பிள்ளைகளாக. 1970களின் தொடக்கத்தில் நோய் கொள்ளையாகப் பரவி, கம்பு விளைச்சல் பெரும் சரிவைக் கண்டது.

இந்த நோயைத் தாங்கள் காட்டிலேயே கண்டிருக்கலாம். இலை அடியிலிருந்து வெளிறி வரும். ஈரமான விடியற்காலையில் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் வெண்பூஞ்சை மாவு தடவியதைப் போலப் படர்ந்திருக்கும். முற்றினால் மணி பிடிக்க வேண்டிய கதிர், சிறு சிறு பச்சை இலைகளாகச் சுருண்டு ஒரு துடைப்பத்தைப் போல ஆகிவிடும். உதிர்ந்த இலைகளோடு அதன் வித்துகள் மண்ணில் இறங்கிப் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நோய்க்கிருமியும் மாறிக்கொண்டே இருப்பதால், இன்று தாங்கி நிற்கும் ரகம் பத்து ஆண்டுகள் கழித்துத் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. தாத்தா காலத்து விதைக்கும் இது பொருந்தும். ஆராய்ச்சி எதற்கு என்ற தங்கள் கேள்விக்கு என் முதன்மையான பதில் இதுவே.

பின்னாளில் வந்த எச்.எச்.பி.67 என்ற ரகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹரியானா வேளாண் பல்கலைக்கழகம் 1990-இல் வெளியிட்ட அது ஏறத்தாழ 65 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பருவத்தின் கடைசியில் வரும் வறட்சி தொடுவதற்குள் மணி முற்றிவிடும். வடமேற்கு இந்தியாவின் வறண்ட மணற்பகுதிகளில் மக்கள் அதை விரும்பி ஏற்றார்கள். ஆனால் அதிலும் அடிச்சாம்பல் நோயின் அறிகுறிகள் தென்படத் தொடங்கின. அதைக் கைவிட்டுவிடாமல், ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள, வறண்ட நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி அமைப்பான இக்ரிசாட் நிறுவனமும் ஹரியானா பல்கலைக்கழகமும் அதன் பெற்றோர் வரிசைகளுக்குள் நோய் எதிர்ப்பு மரபணுக்களைக் கொண்டுவந்தன. எதிர்ப்புள்ள வரிசையோடு ஒருமுறை கலந்து, பிறந்தவற்றை மீண்டும் மீண்டும் பழைய பெற்றோருடனேயே கலந்து, தேர்ந்தெடுத்தார்கள்; தந்தை வரிசையில் வேண்டிய மரபணு இருக்கிறதா என்பதை மூலக்கூறுக் குறியீடுகளால் (டி.என்.ஏ.வில் உள்ள அடையாளங்களால்) பார்த்தார்கள். அப்படிப் புதுப்பிக்கப்பட்ட ரகம் 2005-இல் வெளிவந்தது. விரைவில் முற்றும் குணம் அப்படியே இருந்தது; நோய் தாங்கும் வலு கூடியது.

நாட்டு ரகங்களை ஆராய்ச்சி அழித்தது என்று மட்டும் சொல்வதும் முழு உண்மையாகாது. இக்ரிசாட் வெளியிட்ட ஐ.சி.டி.பி.8203 என்ற கம்பு, மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டு விவசாயிகள் காத்துவந்த இனியாடி என்ற பருமணி நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. அதையே மேலும் சலித்தெடுத்து, இரும்புச்சத்து மிகுந்த தனசக்தி ரகத்தை உருவாக்கினார்கள். இனியாடி இல்லையேல் தனசக்தியும் இல்லை. அதனால்தான் நாட்டு விதை அழிவது எனக்கும் தாங்கொணா வருத்தம் தருகிறது; அழிவது நினைவுச்சின்னம் அன்று, நாளை தேவைப்படும் மரபணு.

தேர்வு எங்கே நடக்க வேண்டும் என்பதில் சிரியாவின் பார்லி ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. அங்கே வறண்ட பகுதிகளில் பார்லி ஆட்டுத் தீவனத்துக்காகவே பயிராகிறது. அலெப்போவுக்கு அருகிலிருந்த, வறண்ட பகுதி வேளாண்மைக்கான பன்னாட்டு ஆராய்ச்சி அமைப்பான இகார்டா நிறுவனத்தில் பணியாற்றிய சால்வடோரே செக்கரெல்லி, நல்ல விளைச்சல் தரும் நிலங்களில் முதலிடம் பெற்ற வரிசைகள் வறண்ட காடுகளில் நாட்டு ரகத்திடம் தோற்பதைத் தொடர்ந்து எடுத்துக்காட்டினார். 1990களில் தேர்வையே விவசாயிகளின் வயலுக்குக் கொண்டுபோனார். நிலையத்து அறிவியலாளர்கள் குட்டைப் பயிரை நாடியபோது, வறண்ட ஊர்களின் விவசாயிகள் நெட்டைப் பயிரைத் தேர்ந்தெடுத்தார்கள். மழை குறைந்தால் பயிர் தானே குட்டையாகிவிடும். இயல்பிலேயே குட்டையானது அறுக்கவும் எட்டாது, ஆட்டுக்கும் தீவனம் மிஞ்சாது. தங்கள் கடிதம் சொல்வதும் இதையேதான்.

விதை வாங்கும் சிக்கலுக்கு வழி இருக்கிறது. ஒட்டு ரகத்தின் மணியை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறை பல வகையாகப் பிரிந்துவிடும். ஆனால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 10 போன்ற, பல வரிசைகளைக் கலந்து உருவாக்கிய கூட்டு ரகங்களில் சொந்த விதை எடுக்கலாம். கம்பில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி முதலில் வெளிவந்து, மகரந்தப்பை பிறகு வருவதால் பெரும்பாலும் அயல் மகரந்தமே சேரும். எனவே பக்கத்தில் வேறு கம்பு இல்லாத காடாகப் பார்த்து, வரப்போரத்தை விட்டு நடுவிலிருந்து, நூற்றுக்கணக்கான செடிகளில் கதிர் எடுங்கள். கண்ணுக்கு அழகான இருபது கதிரை மட்டும் எடுத்தால் சில ஆண்டுகளில் பயிரின் வீரியம் குன்றிவிடும்.

தங்கள் ஊரில் யாரிடமாவது பழைய நாட்டுக் கம்பு இன்னும் இருந்தால், ஒரு பகுதியைக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்து வையுங்கள். அங்கிருந்து அவர்களின் ரகங்களையும் வாங்கி, தங்கள் காட்டிலேயே உரம் கூட்டாமல் அடுத்தடுத்த பாத்திகளில் விதையுங்கள். மணியை நிறுப்பதோடு தட்டையையும் உலர்த்தி நிறுங்கள். மாடு எதை மிச்சம் வைக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை நிலையத்தாரிடம் எழுத்தில் கொடுங்கள். எனக்கும் அதன் நகல் ஒன்றை அனுப்பினால் இங்கே வெளியிடுவேன்.