இரட்டையராய்ப் பிறக்கும் இரு தமனிகள்

அன்புள்ள ஐயா,

கருவின் இதயம் பற்றிய கட்டுரையில், பிறக்கும்போது பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் சுவரமைப்பில் ஒன்றுபோலவே இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். பிறகு அவை எப்படி வேறுபடுகின்றன? என் பேரனுக்கு ஐந்து மாதம். இதயத்தின் கீழறைகளுக்கு இடையே பெரிய ஓட்டை இருப்பதால் ஒரு வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். பிள்ளை இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்கிறார்கள் வீட்டில். அதனால்தான் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

கருவின் நுரையீரல் நீர் நிரம்பியிருப்பதால் ரத்தத்தை எளிதில் ஏற்பதில்லை. வலக் கீழறையிலிருந்து வரும் ரத்தத்தின் பெரும்பகுதி, இரு தமனிகளையும் இணைக்கும் தமனி நாளத்தின் வழியே பெருந்தமனிக்கே சென்றுவிடுகிறது. இடையே கதவில்லாததால் இரண்டிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். மாணவப் பருவத்தில், சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் என்ற புரதத்தைக் கருமையாக்கும் சாயமிட்ட, இந்த இரு தமனிகளின் வெட்டுத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தேன். அலையலையாய் அடுக்கிய கருங்கோடுகள் இரண்டிலும் ஒரேமாதிரி ஓடின. எது எந்தத் தமனி என்று பெயர்ச்சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

முதல் மூச்சில் நுரையீரல் விரிகிறது, அதன் தடை சரிகிறது. தமனி நாளம் ஓரிரு நாட்களில் சுருங்கி மூடி, சில வாரங்களில் வெறும் நாராகிவிடுகிறது. பெருந்தமனியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், வளர்ந்தவரிடம் 120/80 அளவில் நிற்கிறது. நுரையீரல் தமனியிலோ இறங்கி 25/10 அளவுக்கு வந்துவிடுகிறது. சுமை கூடிய சுவர் எலாஸ்டினையும், உறுதி தரும் நார்ப் புரதமான கொலாஜனையும் சேர்த்துக்கொண்டே போக, சுமை குறைந்த சுவரில் எலாஸ்டின் தகடுகள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் துண்டுதுண்டாகிச் சிதறி, சுவரும் ஒப்பளவில் மெலிகிறது. நோயியல் ஆய்வாளர் கிளாகோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1977இல் முயல்குட்டிகளிடம் இதை அளந்தார்கள். இரு தமனிகளிலும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும், இழுவிசை மிகுந்த பெருந்தமனியில் ஒவ்வொரு செல்லும் கூடுதலான நார்ப்பொருளைச் சுரந்திருந்தது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி இது.

உங்கள் கவலைக்கு நெருக்கமானது, நோயியல் ஆய்வாளர் டொனால்டு ஹீத்தும் உடனிருந்தவர்களும் 1959இல் வெளியிட்ட ஆய்வு. பிறந்தது முதலே நுரையீரல் அழுத்தம் இறங்காதவர்களிடம், நுரையீரல் தமனி கருவிலிருந்த பெருந்தமனிச் சாயலை விடாமல் வைத்திருந்தது. அழுத்தம் இறங்கிப் பல ஆண்டுகள் கழிந்து மீண்டும் ஏறியவர்களிடம் அந்தச் சாயல் திரும்பவில்லை.

பெரிய ஓட்டை செய்வதும் இதைத்தான்: இடப்பக்க அழுத்தத்தை நேரே நுரையீரலுக்குள் தள்ளி, இறங்க வேண்டியதை இறங்கவிடாமல் தடுக்கிறது. ஆபத்து நுரையீரல் தமனியில் அவ்வளவாக இல்லை; நுரையீரலுக்குள் இருக்கும் மெல்லிய தமனிகளின் தசை தடித்து, உட்புறம் குறுகிக்கொண்டே வருவதில்தான் இருக்கிறது. முதல் ஆண்டுக்குள் ஓட்டையை அடைத்தால் அந்த மாற்றம் பெரும்பாலும் சரியாகிவிடும். தாமதம் ஆக ஆக, அடைத்தாலும் பயனில்லாத நிலை வரக்கூடும். பிள்ளை தேறட்டும் என்று வீட்டில் சொல்வது அன்பினால்தான் என்பது புரிகிறது. ஆனால் பாலைக் குடிக்கவே மூச்சு வாங்கும் குழந்தை, ஓட்டை அடைபட்ட பிறகுதான் பெரும்பாலும் எடை கூடுகிறது. மருத்துவர் குறித்துத் தரும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.